காகிதத்தில் இல்லாத ரகசியம்: 'தி 39 ஸ்டெப்ஸ்' படமும் அதன் பிரதிகளைத் தேடுபவர்களும்

லண்டன் பல்லேடியம் அரங்கம். மேடையில் நிற்பவர் பெயர் மிஸ்டர் மெமரி. நாளொன்றுக்கு 50 புதிய தகவல்களை மனப்பாடம் செய்து, கூட்டம் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்வதுதான் அவருக்குச் சோறு போடும் வித்தை. போலீஸ் சுற்றி வளைத்திருக்கும் நேரத்தில் ரிச்சர்ட் ஹானே கூட்டத்திலிருந்து கத்துகிறான்: "முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன?" மெமரியின் முகம் வெளிறுகிறது. சொன்னால் உயிர் போகும், சொல்லாவிட்டால் தொழில் தர்மம் போகும். வாய் தானாகத் திறக்கிறது. அது ஒரு உளவு அமைப்பு என்று தொடங்கி, எந்த நாட்டுக்காக வேலை செய்கிறது என்று சொல்லவரும் நொடியில் துப்பாக்கி வெடிக்கிறது.

1935இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தின் உச்சக்காட்சி இது. இதற்குச் சற்று முன்புதான் கதையின் முடிச்சு நமக்குப் பிடிபடுகிறது. விமான அமைச்சகத்திலிருந்து ஒரு தாள்கூடக் காணாமல் போகவில்லை என்று போலீஸ் அடித்துச் சொல்கிறது. அது உண்மைதான். தாளைத் திருட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மெமரி அதை ஒருமுறை படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டார், தாள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது. நாட்டைவிட்டு வெளியேறக் காத்திருப்பது அவருடைய தலைக்குள் இருக்கும் பிரதி.

பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இந்தப் படம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இந்த முடிச்சும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அவர்களுடைய கவலை முழுக்கப் பிரதிகளைப் பற்றியது. எது மூலம், எது நகல், நகலின் நகல் எது, எந்தப் பிரதியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அவர்கள் பேச்சு. போருக்கு முந்தைய எந்தப் படத்தைப் பற்றியும் இப்படிப் பேசலாம். ஆனால் இந்த ஒரு படத்தைச் சுற்றி உண்மையான உளவாளிகளும், உண்மையான போர் ரகசியமும், உண்மையான இழப்பும் சேர்ந்துகொண்டன. அதனால் இதன் ஒரு பழைய ஸ்டில்லைக் கையில் எடுப்பவர் ஒரு காலத்தையே கையில் எடுக்கிறார்.

முதலில் கதை. லண்டனுக்கு வந்திருக்கும் கனடாக்காரன் ஹானே பாட்டும் வித்தைகளும் நடக்கும் ஒரு மியூசிக் ஹாலுக்குப் போகிறான். அங்கே துப்பாக்கிச் சத்தம், தள்ளுமுள்ளு. நெரிசலில் சந்திக்கும் அன்னபெல்லா என்ற பெண் அவன் வீட்டுக்கு வருகிறாள். தான் ஓர் உளவாளி என்றும், நாட்டின் வான்பாதுகாப்பு ரகசியம் ஒன்று வெளியே போகப்போகிறது என்றும், அதைத் திருடும் கும்பலின் தலைவனுக்குச் சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை என்றும் சொல்கிறாள். இரவு முடிவதற்குள் முதுகில் கத்தியோடு விழுகிறாள். கையில் ஸ்காட்லாந்து வரைபடம். கொலைப்பழி ஹானே மேல். பால்காரர் வேடத்தில் தப்பி, ரயிலேறி, மலைநாட்டில் ஓடி, தன்னை வெறுக்கும் பமீலா என்ற பெண்ணோடு ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு லண்டன் திரும்புகிறான். 86 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மூலம் ஜான் பக்கன் 1915இல் வெளியிட்ட நாவல். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த நாட்களில் எழுதியது. ஆனால் படத்தையும் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நாவலில் பமீலா இல்லை, கைவிலங்கு இல்லை, மிஸ்டர் மெமரியும் இல்லை. அங்கே 39 படிகள் என்பது கடலுக்கு இறங்கும் நிஜமான படிக்கட்டு. திரைக்கதையாசிரியர் சார்லஸ் பென்னெட்டும் ஹிட்ச்காக்கும் நாவலின் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகக் கட்டினார்கள். உரையாடல்களுக்கு இயன் ஹே கைகொடுத்தார். மெமரி பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர், 'டேட்டாஸ்' என்ற பெயரில் மேடையேறிய நினைவாற்றல் கலைஞர் ஒருவர். பக்கன் முதல் உலகப்போரில் அரசின் தகவல் துறையை நடத்தியவர். படம் வந்த அதே 1935இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்கக் கப்பலேறினார். தென்னாப்பிரிக்க அனுபவமுள்ள நாவல் நாயகன் திரையில் கனடாக்காரனாக மாறியிருந்தது தற்செயலான பொருத்தம்.

தயாரித்தது கோமான்ட்-பிரிட்டிஷ் நிறுவனம், தயாரிப்புத் தலைமை மைக்கேல் பால்கன். படத்தின் பெரும்பகுதி லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் இருந்த லைம் குரோவ் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. நாம் பார்க்கும் மலைச்சரிவிலும் மூடுபனியிலும் பாதிக்கு மேல் அந்தக் கூரைக்கு அடியில் செய்தவை. அந்த ஸ்டுடியோவைப் பிற்பாடு பிபிசி வாங்கியது. 1990களில் இடித்தும்விட்டார்கள். அந்த மலைநாட்டைத் தேடி இன்று யாரும் போக முடியாது. அது படச்சுருளில் மட்டும்தான் இருக்கிறது.

இனி அந்த ரகசியம். திருடப்பட்டது என்ன? சத்தமே வராத விமான எஞ்சினின் வரைவு. ஹிட்ச்காக் இப்படிப்பட்ட பொருளை 'மக்கஃபின்' என்று அழைத்தார். கதாபாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் துரத்துவார்கள், பார்ப்பவனுக்கு அது என்னவாக இருந்தாலும் ஒன்றுதான் என்பது அவர் விளக்கம். நூல்களும் பேட்டிகளும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டதால், அந்த எஞ்சினைப் பற்றி யாரும் நின்று யோசிப்பதில்லை. நான் இதில் மாறுபடுகிறேன். 1935இல் லண்டன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்குச் சத்தமில்லாத எஞ்சின் வெற்றுச் சாக்காக இருந்திருக்க முடியாது.

காரணம் இது. பகை விமானம் வருவதை அன்று காதால்தான் கண்டுபிடித்தார்கள். கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில், 1920களின் கடைசியில் கான்கிரீட்டால் பிரம்மாண்டமான ஒலிக்கண்ணாடிகளைக் கட்டினார்கள். கிண்ணம் போன்றவை இரண்டு, வளைந்த சுவர் ஒன்று. சுவரின் நீளம் 200 அடி. கடலுக்கு அப்பால் வரும் எஞ்சின் சத்தத்தைக் குவித்து, கேட்பவர் காதில் சேர்ப்பதே அவற்றின் வேலை. விமானம் தலைக்கு மேல் வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக எச்சரிக்கை கிடைக்கும். நாட்டின் காவலே சத்தத்தை நம்பி இருந்தபோது, சத்தமில்லாத விமானம் என்றால் என்ன பொருள்? எச்சரிக்கையே இல்லாமல் நகரத்தின் மேல் குண்டு விழும் என்று பொருள்.

குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடுருவிவிடும், அதைத் தடுக்க எந்தச் சக்தியாலும் முடியாது என்று பிரிட்டிஷ் அரசியல் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் நாடாளுமன்றத்தில் பேசியது 1932 நவம்பரில். ஜெர்மனி தனக்கு விமானப்படை இருப்பதை வெளிப்படையாக அறிவித்தது 1935 மார்ச்சில். படம் வெளியானது அந்த ஜூனில். இதற்கெல்லாம் இடையில், 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே ஒரு வயல்வெளியில், விஞ்ஞானி ராபர்ட் வாட்சன்-வாட்டும் உடனிருந்தவர்களும் பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் மேல் பட்டுத் திரும்புவதைக் கருவியில் பார்த்தார்கள். ரேடார் பிறந்த நாள் அது. காதை நம்பும் காலம் அன்றோடு முடிந்தது, ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது. சினிமா ஸ்டுடியோவில் கற்பனையான வான்பாதுகாப்பு ரகசியம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், நிஜமான ரகசியம் ஒரு வயலில் உருவாகிக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பார்த்தால் மெமரி கடைசியில் மூச்சு வாங்க ஒப்பிக்கும் அந்தச் சூத்திரம் வேறு மாதிரி காதில் விழுகிறது.

எதிரி எந்த நாடு என்று படம் கடைசிவரை சொல்லாது. துப்பாக்கி வெடித்து அந்தப் பெயரை விழுங்கிவிடுகிறது. அன்றைய பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் வெளிநாட்டு அரசுகளைப் புண்படுத்தும் படங்களை விரும்பியதில்லை. 1930களின் பிரிட்டிஷ் உளவுப் படங்கள் பலவற்றில் வில்லனுக்கு ஊர் பேர் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம். ஆனால் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்தே இருந்தது. அன்னபெல்லாவாக வந்த லூசி மான்ஹைம் பெர்லின் மேடையின் பெயர்பெற்ற நடிகை. யூதர் என்பதால் 1933இல் நாஜிகளிடமிருந்து விலகி வெளியேற வேண்டியிருந்தது. வேற்றுமொழி வாடையோடு ஆங்கிலம் பேசிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போகப் பயந்து, தன்னை யாரோ கொல்லத் தேடுகிறார்கள் என்று அவர் சொல்லும் காட்சியில் நடிப்பு எது, நினைவு எது என்று பிரிக்க முடியவில்லை. போரின்போது அவர் பிபிசியின் ஜெர்மன் ஒலிபரப்பில் 'லிலி மார்லீன்' பாட்டை ஹிட்லருக்கு எதிரான வரிகளோடு பாடினார்.

பமீலாவாக நடித்த மாடலின் கரோலின் கதை இன்னும் வலிக்கும். படத்துக்குப் பிறகு ஹாலிவுட் போய்ப் பெரிய நட்சத்திரமானார். 1940இல் லண்டன் மேல் நடந்த வான்தாக்குதலில் அவருடைய தங்கை இறந்தார். கரோல் புகழின் உச்சியில் நடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, இத்தாலியில் ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போனார். விமானம், ரகசியம், ஆபத்து என்று திரையில் ஓடிய பெண்ணின் வீட்டுக்கு ஐந்தே ஆண்டுகளில் அந்த விமானங்கள் வந்துவிட்டன. போருக்கு முந்தைய படங்களைப் பார்ப்பதில் எப்போதும் இருக்கும் நெருடல் இது. வரப்போவது நமக்குத் தெரியும், திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

பெயர்ப்பட்டியலில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இணைத் தயாரிப்பாளர் ஐவர் மான்டேகு. திரைப்பட சங்கங்களை வளர்த்தவர், சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பை நிறுவியவர், கம்யூனிஸ்ட். இடைமறிக்கப்பட்டு, பிற்பாடு அமெரிக்கா வெளியிட்ட 'வெனோனா' என்ற சோவியத் ரகசியச் செய்திகளில் 'இன்டெலிஜென்சியா' என்ற ரகசியப் பெயரோடு சோவியத்துக்குத் தகவல் கொடுத்தவர் இவரே என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அவருடைய அண்ணன் ஈவன் மான்டேகு எதிர்ப்பக்கம் நின்றார். பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் இருந்துகொண்டு, 1943இல் ஒரு பிணத்தின் மேல் பொய்யான ஆவணங்களை வைத்துக் கடலில் விட்டு ஜெர்மனியை ஏமாற்றிய 'மின்ஸ்மீட்' நடவடிக்கையை நடத்தியவர்களில் ஒருவர். ஒரு பழைய விளம்பரத் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு பெயர் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பழக்கத்தில் விழுந்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்பதற்கு இதுபோன்ற பெயர்கள்தான் காரணம்.

சரி, படம் நன்றாக இருந்தால்தானே இத்தனையும். நன்றாக இருக்கிறது, இன்றும். வேலைக்காரப் பெண் பிணத்தைப் பார்த்து வாய் திறக்கும்போது அலறலுக்குப் பதிலாக ரயிலின் ஊதல் கேட்கும், அடுத்த நொடி ரயில் சுரங்கத்திலிருந்து பாய்ந்து வரும். பாடப்புத்தகங்கள் எல்லாம் காட்டும் வெட்டு இது. எனக்கு அதைவிடப் பிடித்தது குடிசைக் காட்சி. ஹானே ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் இரவு தங்குகிறான். கணவன் கடுகடுப்பான பக்திமான், மனைவி வயதில் மிகவும் இளையவள். சாப்பாட்டு மேசையில் கொலைச் செய்தியோடு செய்தித்தாள் கிடக்கிறது. கணவன் கண்ணை மூடிப் பிரார்த்தனை சொல்லும்போது அவள் செய்தியைப் பார்க்கிறாள், ஹானேயைப் பார்க்கிறாள், அவன் கண்ணாலேயே கெஞ்சுகிறான். கணவன் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்து, முற்றிலும் வேறொன்றைச் சந்தேகிக்கிறான். ஒரு வார்த்தை இல்லை. மூன்று முகங்கள், ஒரு காகிதம். அந்த மனைவியாக நடித்த பெக்கி ஆஷ்கிராஃப்ட்டுக்கு அப்போது 27 வயது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, இந்தியாவில் எடுக்கப்பட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் மிசஸ் மூராக வந்து ஆஸ்கர் வாங்கியவர் இவரே.

கைவிலங்குக் காட்சிகளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஹானேயாக நடித்த ராபர்ட் டோனட்டும் கரோலும் படப்பிடிப்பில் சந்தித்த அன்றே ஹிட்ச்காக் இருவரையும் விலங்கில் பூட்டி, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி வெகுநேரம் அப்படியே விட்டாராம். பலரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த எரிச்சலும் சங்கடமும் திரையில் தெரிவது உண்மை. இந்தப் படத்தின் ஸ்டில்களில் அதிகம் தேடப்படுவதும் விலங்கோடு இருவரும் நிற்கும் படங்கள்தான்.

இனி சேகரிப்புக்கு வருவோம். போருக்கு முந்தைய பிரிட்டிஷ் போஸ்டர்கள் ஏன் இவ்வளவு அரிது? அவை மிஞ்சுவதற்காக அச்சடிக்கப்படவில்லை. ஒரு வாரம் சுவரில் பசை போட்டு ஒட்டுவார்கள், அடுத்த வாரம் அதன் மேலேயே அடுத்த படம். ஒட்டாமல் மிஞ்சியவை விநியோகஸ்தரிடம் திரும்பும், இன்னொரு ஊருக்குப் போகும், கிழிந்ததும் குப்பை. அப்புறம் போர் வந்தது. பிரிட்டனில் வீடு வீடாகப் பழைய காகிதம் திரட்டினார்கள். 1935இன் போஸ்டர் கட்டுகள் 1940க்குப் பிறகு எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆகவே 30க்கு 40 அங்குலத்தில் படுக்கைவாட்டில் இருக்கும் 'குவாட்' என்ற பிரிட்டிஷ் அளவில், முதல் வெளியீட்டுத் தாள் ஒன்று கிடைத்தால் அது நிகழ்ச்சிதான். அமெரிக்காவில் நிலைமை கொஞ்சம் மேல். 27க்கு 41 அங்குல 'ஒன் ஷீட்' போஸ்டர், தியேட்டர் முகப்பில் வைக்கும் 11க்கு 14 அங்குல லாபி கார்டுகள் என்று பல வகை அச்சானதாலும், ஊர்ப்புறத் தியேட்டர்களின் பரண்களில் சில தப்பியதாலும், தேடுபவர்களுக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். எட்டு அட்டைகள் கொண்ட லாபி கார்டுத் தொகுப்பில் நாயகனும் நாயகியும் சேர்ந்திருக்கும் அட்டைக்கு ஒரு விலை, துணை நடிகர்கள் இருக்கும் அட்டைக்கு வேறு விலை.

அரியது என்றால் போலியும் வரும். கண் பழகியவர்கள் முதலில் மடிப்பைத் தேடுவார்கள். அந்தக் காலத்து போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள், 1980கள் வரை அதுதான் வழக்கம். மடிப்பே இல்லாமல் வழுவழுவென்று ஒரு 1935 போஸ்டர் வந்தால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து புற ஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர் சாயங்கள் பரவலானது 1950களுக்குப் பிறகு. விளக்கொளியில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அது போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு குழப்பம் மறுவெளியீடுகள். படம் ஓடியதால் மறுபடி மறுபடி திரைக்கு வந்தது, ஒவ்வொரு முறையும் புதுப் போஸ்டர். அவை போலி இல்லை, ஆனால் முதல் வெளியீடும் இல்லை. 1959இலும் 1978இலும் வந்த மறுஆக்கங்களின் தாள்கள் வேறு அதே பெயரில் திரிகின்றன. பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள் உண்டு.

பெரிய பணம் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 'பிக்சர்கோயர்' போன்ற அக்காலத்து வார இதழ்கள், தியேட்டரில் கொடுத்த நிகழ்ச்சித் தாள்கள், பத்திரிகைகளுக்கு அனுப்பிய ஸ்டில்கள், நாவலின் பழைய பதிப்புகள் எல்லாம் சேர்க்கத் தக்கவை. ஸ்டில்லின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம் என்பார்கள். ஸ்டுடியோ முத்திரை, ஒட்டிய விளக்கச் சீட்டு, எந்தப் பத்திரிகை எந்தத் தேதியில் பயன்படுத்தியது என்ற ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அங்கேதான் இருக்கும். நம்மூரிலும் இப்படித்தானே. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது, இன்று அதன் பிரதி இல்லை. அதை நமக்குச் சொல்வதெல்லாம் காகிதங்கள்தான்.

காகிதத்தைவிடக் கடினமானது படச்சுருள். 1935இன் 35 மில்லிமீட்டர் பிரதிகள் நைட்ரேட் சுருளில் இருந்தவை. செல்லுலோஸ் நைட்ரேட் எளிதில் பற்றிக்கொள்ளும், எரிவதற்கான ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. பாதுகாப்பான அசிடேட் சுருள் 1950களின் தொடக்கத்தில்தான் முழுமையாக இடம் பிடித்தது. நைட்ரேட் பிரதிகளைத் தனியார் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, பல இடங்களில் சட்ட விரோதமும்கூட. ஓடி முடித்த பிரதிகளில் நிறைய, சுருளின் பூச்சில் இருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. ஆனாலும் நைட்ரேட் பிரதியைத் திரையில் பார்த்தவர்கள் அந்தக் கறுப்பின் ஆழத்தையும் வெளிச்சத்தின் மினுமினுப்பையும் பற்றிப் பேசும்போது கண் விரிகிறது. பெர்னார்ட் நோல்ஸின் ஒளிப்பதிவு அந்தச் சுருளை நினைத்துச் செய்தது. குடிசையின் விளக்கொளி, பனிமூட்டத்தில் நகரும் நிழல் எல்லாம் அந்த வெள்ளிக்காகத் திட்டமிட்டவை.

தனியார் கையில் இருப்பவை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் பிரதிகள். பள்ளிகள், திரைப்பட சங்கங்கள், தொலைக்காட்சி நிலையங்களுக்காக எடுத்தவை, தொடக்கத்திலிருந்தே பாதுகாப்புச் சுருளில் வந்தவை. ஒரு பிரதியின் வயதைக் கண்டுபிடிக்க அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கோடாக் நிறுவனம் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இட்டது. ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு ஆண்டு. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால் 1935ஆ 1955ஆ என்பதை வேறு அடையாளங்களால் தீர்மானிக்க வேண்டும். அப்புறம் மூக்கு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதைப் பக்கத்தில் இருக்கும் நல்ல சுருள்களிலிருந்து உடனே பிரிக்க வேண்டும், வாடை தொற்றும்.

வீடியோ வந்தபோது இந்தப் படத்துக்கு விசித்திரமான ஒரு நிலை ஏற்பட்டது. அமெரிக்காவில் அப்போது இதற்குக் காப்புரிமை இல்லாத நிலை. யார் வேண்டுமானாலும் ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியிலிருந்து கேசட் போட்டு விற்கலாம். விற்றார்கள். தலை வெட்டுப்பட்ட சட்டகம், கரகரக்கும் ஒலி, சாம்பல் பூசின மாதிரி படம். 1996இல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் இப்படிப்பட்ட வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அங்கே மீண்டும் காப்புரிமை கொடுத்தது. அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. பழைய படங்களைத் தரமாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 1999இல் நல்ல டிவிடியும், 2012இல் மீட்டெடுத்த படத்தோடு புளூரேயும் வெளியிட்டது. அவர்கள் வரிசையில் இதன் எண் 56. அந்த எண்ணுக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 1937இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான நாடக வடிவமும் அதில் சேர்ந்து வருகிறது.

மலிவுக் கேசட்டுகளைத் திட்டுவது எளிது. ஆனால் ஒரு தலைமுறைக்கு இந்தப் படம் போய்ச் சேர்ந்தது அவற்றால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கெட்ட பிரதியும் பிரதிதான். மிஸ்டர் மெமரி ஒப்பிப்பதும் தாளின் சாயல்தானே. அதில் வரைபடத்தின் கோடுகள் இல்லை, ஆனால் எஞ்சின் இருக்கிறது.

இதில் இன்னொரு ஆண்டுப் பொருத்தமும் உண்டு. பிரிட்டனில் படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று தேசியத் திரைப்பட நூலகம் தொடங்கியது இதே 1935இல். எர்னஸ்ட் லிண்ட்கிரன் அதன் பொறுப்பாளரானார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் திரைப்பட நூலகத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டு, பாரிசில் சினிமாத்தெக் பிரான்சேஸ் அடுத்த ஆண்டு. ஓடி முடிந்த படத்தையும் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதுவரை மிகச் சிலருக்கே இருந்தது. ஹிட்ச்காக்கே 1926இல் எடுத்த 'தி மவுண்டன் ஈகிள்' இன்றுவரை கிடைக்கவில்லை, சில ஸ்டில்கள் மட்டும் இருக்கின்றன. 'தி 39 ஸ்டெப்ஸ்' தப்பியதற்கு அதன் வெற்றியும் காரணம், அது பிறந்த ஆண்டும் காரணம். 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில் நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களில் நான்காவதாக வந்தது.

நான் இதை முதலில் பார்த்தது தெருவோரத்தில் வாங்கிய ஒரு டிவிடியில். உறையில் ஆண்டு தப்பு, படம் முழுக்கச் சேற்று நிறம். கடைசிக் காட்சியில் மெமரி மேடைக்குப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு சூத்திரத்தை ஒப்பிக்கிறார், பின்னால் நடனப் பெண்கள் வரிசையாகக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், கூட்டம் கலவரப்படக் கூடாது என்பதற்காக. சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிறார். சரி என்கிறான் ஹானே. முன்னால் நிற்கும் ஹானேயும் பமீலாவும் நமக்கு முதுகு காட்டியபடி கைகோக்கிறார்கள், படம் முடிகிறது. இனிமையான முடிவு என்று நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து நல்ல பிரதியில் பார்த்தபோதுதான், கோத்த அந்தக் கைகளுக்குக் கீழே, ஹானேயின் மணிக்கட்டிலிருந்து கைவிலங்கின் மறுபாதி இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.